ரப்பர் பேடுக்கு அடியில் கிரீஸா, காய்ந்த தரையா, ஒட்டின தகடா?

கருங்கல் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் போனில் கேட்டார்: "அண்ணே, ஜெனரேட்டருக்கு நாலு மூலையிலயும் ரப்பர் பேடு வாங்கி வச்சிருக்கேன். பிட்டர் கிரீஸ் தடவி வைக்கணும்னு சொல்லுகான். வெல்டர் அப்படியே காய்ஞ்ச தரையில வச்சா போதும்னு சொல்லுகான். கடைக்காரரு தகட்டுல ஒட்டினதுதான் உருப்படும்ங்காரு. நான் யார் சொல்லுகத கேக்க?"

அதே வாரம் நாகர்கோவிலில் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் ஒரு தம்பி வேறு வாசல் வழியாக இதே கேள்விக்கு வந்து சேர்ந்தான். ரப்பர் துண்டை அமுக்கிப் பார்க்கும் சோதனையில் மேல், கீழ்த் தகடுகளுக்கு எண்ணெய் பூசணுமா, வேண்டாமா? பூசினால் ஒரு எண், பூசாவிட்டால் வேறு எண். எதை எழுதுவது?

இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பால் வெட்டி, சிரட்டையில் பிடித்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து, புகைக்கூட்டில் தொங்கவிடுகிறவரை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குலசேகரத்திலும் அருமனையிலும் ரப்பர் இல்லாத பேச்சு கிடையாது. ஆனால் லாரி ஏறிப்போன ஷீட், கந்தகம் சேர்ந்து, வெந்து, கறுத்த கட்டியாக நம் மெஷினுக்கு அடியில் திரும்பி வரும்போது நமக்கும் அதற்கும் பழக்கமே இல்லாததுபோல் ஆகிவிடுகிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன மோல்டிங் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் பிரஸ்ஸின் முன்னால் நின்றவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு.

## முதலில் ஒரு விஷயம்: ரப்பர் சுருங்காது

பஞ்சை அமுக்கினால் சுருங்கும், ஏனென்றால் உள்ளே காற்று இருக்கிறது. ரப்பருக்குள் காற்று கிடையாது. அதன் கன அளவைக் குறைப்பது தண்ணீரைக் குறைப்பதற்குச் சமம். உயரத்தில் குறைந்தது பக்கவாட்டில் வந்தே தீரும். 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துண்டை உயரத்தில் பத்தில் ஒரு பங்கு அமுக்கினால், விட்டம் 105 மி.மீ.க்குச் சற்று மேலே போகும். அப்படியென்றால் அதன் விளிம்பு, தான் உட்கார்ந்திருக்கும் இரும்பின்மேல் சுற்றிலும் இரண்டரை மி.மீ.க்கு மேல் வெளியே நகர வேண்டும்.

நகரவிட்டால் ரப்பர் எளிதாக அமுங்கும். நகரவிடாமல் பிடித்துக்கொண்டால், மேலும் கீழும் அகலம் மாறாமல் நடுவயிறு மட்டும் பீப்பாய்போல் பிதுங்கும். அதற்குக் கூடுதல் பாரம் வேண்டும். புரோட்டா கடையில் கல்லில் எண்ணெய் தடவியிருந்தால் உருண்டை உள்ளங்கைக்குக் கீழே வழிந்து பரவும். எண்ணெய் இல்லாத இடத்தில் மாவு கல்லைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும். மாவு அப்படியே கிடக்கும், ரப்பர் கையெடுத்தால் திரும்பிவிடும். அமுக்கும்போது நடப்பது ஒன்றுதான்.

ஆக, "இந்த ரப்பர் எவ்வளவு கெட்டி" என்ற கேள்விக்கு ரப்பரை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதும் பதிலில் பாதி.

வீட்டில் பார்க்கலாம். கனமான அழிப்பான் ஒன்றை இரண்டு ஸ்டீல் தட்டுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: வயிறு பிதுங்கும். தட்டில் கொஞ்சம் கிளிசரின் தடவி மறுபடி அமுக்குங்கள்: பக்கச் சுவர் கிட்டத்தட்ட நேராகவே நின்று அகலும். கைக்கே வித்தியாசம் தெரியும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை வைத்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். நான் பார்ப்பது ஐந்து விஷயம்.

பாரம் ஏறினால் எவ்வளவு அமுங்கும் என்பது ஒன்று. அந்த அளவு நாளைக்கும், மழைக்காலத்திலும், அடுத்த வருடமும் அதேதானா என்பது இரண்டாவது; என் கணக்கில் இதுதான் முதலாவதைவிடப் பெரிது. மெஷின் பக்கவாட்டில் நகர்ந்து போகுமா? ரப்பர் எங்கே தேயும், எங்கே கிழியும்? கடைசியாகப் பணம்: வாங்கும்போது கொடுக்கிறது கொஞ்சம், பிறகு கொடுக்கிறது அதிகம்.

ரப்பரின் வடிவம் இந்த ஐந்திலும் தலையிடும். பாரம் தாங்கும் ஒரு முகத்தின் பரப்பை, பிதுங்குவதற்குத் திறந்திருக்கும் பக்கச்சுவர்களின் மொத்தப் பரப்பால் வகுத்தால் வருவது வடிவ எண். சதுரப் பேடுக்கு எளிது: பக்க நீளத்தை, தடிமனின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். 100 மி.மீ. சதுரம், 25 மி.மீ. தடிமன் என்றால் 1. அதே சதுரம் 10 மி.மீ. தடிமன் என்றால் 2.5. மெலிந்த பேடுக்கு எண் பெரிது. எண் பெரிதாக ஆக, பரப்பு வழுக்குகிறதா பிடிக்கிறதா என்ற வித்தியாசமும் பெரிதாகும்.

1950களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜென்ட், லிண்ட்லி என்ற இருவர் இதை அளந்து ஒரு எளிய சூத்திரமாக்கினார்கள். தகட்டில் ஒட்டிய ரப்பரின் விறைப்பு, ஒட்டாமல் முழுக்க வழுக்கும் ரப்பரின் விறைப்பைப்போல் (1 + 2 × க × வடிவ எண்ணின் வர்க்கம்) மடங்கு. 'க' என்பது ரப்பரின் கெட்டியைப் பொறுத்தது. 50 ஹார்ட்னஸ் (கெட்டியை அளக்கும் எண்; எண் ஏறினால் கெட்டி கூடும்) இயற்கை ரப்பருக்கு 0.73. அந்த ரப்பரின் வழுக்கும் நிலை விறைப்பு 2.2 மெகாபாஸ்கல். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் ஏமாற வேண்டாம்.

## மண்டபக்காரரின் கணக்கு

ஜெனரேட்டர் 800 கிலோ, நாலு பேடு, ஒவ்வொன்றுக்கும் 200 கிலோ. பேடு 100 மி.மீ. சதுரம், 50 ஹார்ட்னஸ். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. பேடு எவ்வளவு அமுங்குகிறதோ அதைப் பொறுத்து மெஷின் நொடிக்கு எத்தனை முறை தானாக ஊசலாடும் என்பது வரும்: 15.8ஐ அமுங்கிய மி.மீ.யின் வர்க்கமூலத்தால் வகுக்கவும். அந்த எண் 25க்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 25ஐ நெருங்கினால் பேடு நடுக்கத்தைக் குறைக்காது, கூட்டும்.

| | வழுக்கும் பரப்பு | காய்ந்த பரப்பு | ஒட்டிய தகடு |
|---|---|---|---|
| 25 மி.மீ. பேடு அமுங்குவது | 2.3 மி.மீ. | 1.6 மி.மீ. வாக்கில், உறுதியில்லை | 0.9 மி.மீ. |
| தானாக ஊசலாடுவது (நொடிக்கு) | 10.5 | 12 – 13 | 16.4 |
| தரைக்கு இறங்கும் நடுக்கம் | ஐந்தில் ஒன்று | மூன்றில் ஒன்று | நான்கில் மூன்று |
| 10 மி.மீ. பேடு அமுங்குவது | 0.9 மி.மீ. | 0.24 மி.மீ. வாக்கில் | 0.09 மி.மீ. |
| மெஷின் நகருமா | நகரும் | நடுக்கத்தில் மெல்ல நகரும் | நகராது |
| அளவு நிலைக்குமா | எண்ணெய் இருக்கும்வரை | நிலைக்காது | நிலைக்கும் |
| முதல் செலவு | குறைவு | மிகக் குறைவு | அதிகம் |

காய்ந்த பரப்புக்குப் போட்டிருக்கும் எண்கள், அமெரிக்கப் பாலப் பொறியாளர்கள் ஒட்டாத பேடுக்கு வடிவ எண்ணை 1.8ஆல் வகுத்துக்கொண்ட பழைய வழக்கத்தை வைத்துப் போட்டவை. வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடும் பாரத்தில் ரப்பர் நிற்கும் பாரத்தைவிடச் சற்று விறைப்பாகவே நடந்துகொள்ளும் என்பதால், நிஜத்தில் எல்லா நிரலிலும் நடுக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

கடைசி மூன்று வரியைப் பார்க்காமல் முதல் மூன்றை மட்டும் பார்த்தால் பிட்டர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது.

## கிரீஸ் தடவினால்

நல்லது என்னவென்றால் ரப்பர் தன் சொந்தக் குணத்தைக் காட்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அமுங்கும், உள்ளே ஒரு மூலையில் மட்டும் பாரம் குவியாது. அந்தக் கல்லூரித் தம்பிக்கு வேண்டியது இதுதான்.

மெஷினுக்கு அடியில் வைக்க நினைப்பவர்களுக்கு மறைந்திருக்கும் செலவு மூன்று.

முதலாவது, கிரீஸ் என்று பட்டறையில் கைக்குக் கிடைப்பது பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. இயற்கை ரப்பருக்கு அது விஷம். எண்ணெயைக் குடித்து ஊதும், மெதுமெதுவென்று ஆகும், ஒருநாள் நகத்தால் கீறினால் வழித்துக்கொண்டு வரும். எஞ்சின் ஆயில், டீசல், எல்லாம் இதே கதைதான். "அப்போ தேங்காய் எண்ணெய்?" என்று நம் ஊரில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். அதுவும் ஊதவைக்கும். வழுக்க வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய், கிளிசரின், இல்லாவிட்டால் ஆமணக்கெண்ணெய். பழைய காலத்து வண்டிகளில் இயற்கை ரப்பர் சீல் இருந்தபோது பிரேக் எண்ணெயை ஆமணக்கெண்ணெயில் செய்ததற்குக் காரணமும் இதுதான். சோப்புத் தண்ணீர் கொஞ்ச நேரத்துக்கு நன்றாக வேலை செய்யும், காய்ந்ததும் போச்சு.

இரண்டாவது, எந்த எண்ணெயானாலும் பாரத்தின் கீழ் நிற்காது. நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லப் பிதுங்கி வெளியேறும். அப்புறம் ரப்பர் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு 2.3 மி.மீ. அமுங்கும் என்று கணக்குப் போட்டு வைத்த பேடு, அடுத்த சர்வீஸுக்குள் வேறு பேடாக மாறியிருக்கும்.

மூன்றாவது, வழுக்கும் பேடின்மேல் நடுங்கும் மெஷின் நடக்க ஆரம்பிக்கும். ஜெனரேட்டர் நடந்தால் புகைக்குழாயும் டீசல் குழாயும் கூடவே இழுபடும். அதைத் தடுக்க ஆணி அடித்து, ஆங்கிள் வைத்து, போல்ட் போட்டு நிறுத்துவார்கள். அதோடு பேடு வைத்த பயன் முடிந்தது.

மெஷினுக்கு அடியில் தெரிந்தே எண்ணெய் பூசிய பேடு வைக்கிற ஒரு சந்தர்ப்பத்தை நான் கண்டதில்லை. ரப்பர் வாஷரை, சீலை உள்ளே தள்ளிப் பொருத்தும்போது பூசுவார்கள். அது வேறு வேலை.

## காய்ந்த தரையில் வைத்தால்

வெல்டர் சொன்னது. பாதி ஊர் செய்வது. இதைப் பற்றித்தான் நான் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது வழுக்கலுக்கும் ஒட்டலுக்கும் நடுவில் இருக்கும் நல்ல சமரசம்போலத் தெரியும். எண்ணும் நடுவில்தான் வருகிறது. ஆனால் இது நடுவழி அல்ல. முடிவு செய்யாமல் விட்ட நிலை. முடிவைத் தூசியும் ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் நமக்காகச் செய்துகொள்ளும்.

நடப்பதைப் பாருங்கள். பேடின் நடுவில் அழுத்தம் அதிகம், வெளியே நகரும் ஆசை குறைவு. விளிம்பில் நேரெதிர்: அழுத்தம் குறைவு, நகரும் ஆசை அதிகம். அதனால் நடுப்பகுதி தரையைக் கெட்டியாகப் பிடித்திருக்கும்போதே விளிம்பு வழுக்கிவிடும். எவ்வளவு தூரம் உள்ளே வரை வழுக்கும் என்பதை உராய்வுதான் தீர்மானிக்கிறது. காய்ந்த சுத்தமான இரும்பில் ரப்பர் பிசின்போலப் பிடிக்கும். அதிலேயே ஆனி, ஆடிச் சாரல் பட்டால் பிடி தளரும். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. திறந்த ஷெட்டில் நிற்கும் மெஷினுக்கு வருடத்தில் எத்தனை நாள் "காய்ந்த" தரை என்று எண்ணிப் பாருங்கள்.

நின்று பாரம் மட்டும் தாங்கும் இடத்தில் இது அவ்வளவு மோசமில்லை. நடுங்கும் மெஷினுக்கு அடியில் ஒவ்வொரு நடுக்கத்துக்கும் விளிம்பு ஒரு இழை வெளியே போய் உள்ளே வரும். ஆறு மாதம் கழித்துப் பேடைச் சுற்றித் தரையில் கருப்புப் பொடி கிடக்கும், பார்த்திருப்பீர்கள். கரி இல்லை அது, உங்கள் பேடின் விளிம்பு.

என் பங்குக்கு ஒரு அனுபவம். பம்புக்கு அடியில் வைக்கும் பேடு ஒரு ஆர்டர் வந்தது. இத்தனை கிலோவுக்கு இத்தனை மி.மீ. அமுங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பிரஸ்ஸிலேயே டயல் கேஜ் வைத்து, காய்ந்த தகட்டில் அமுக்கிப் பார்த்தேன். காலையில் எடுத்த பேடு ஒரு மாதிரி, மத்தியானம் எடுத்தது ஒரு மாதிரி, கால்வாசி வித்தியாசம். கலவை மாறிவிட்டது என்று மில் ஓட்டுகிற பையனைத் திட்டினேன். இரண்டு முறை ரப்பர் மாவை, அதாவது கலவையை, மறுபடி போடச் சொன்னேன். ஹார்ட்னஸ் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல 50. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. மோல்டில் ஒட்டாமல் இருக்கக் காலையில் சிலிக்கோன் ஸ்பிரே அடிப்போம். முதல் சில பேடுகளின் மேல்தோலில் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். மத்தியானத்துக்குள் மோல்டில் அது தீர்ந்துவிடும். காலைப் பேடு எனக்கே தெரியாமல் எண்ணெய் பூசிய பேடு. மத்தியானப் பேடுதான் காய்ந்தது. ரப்பர் ஒன்றேதான். பையனிடம் போய், "மக்கா, தப்பு என்மேல்தான்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவன் சிரித்துக்கொண்டே இரண்டு முறை போட்ட மாவின் விலையைச் சொன்னான். அதுதான் காய்ந்த பரப்பின் மறைந்திருக்கும் செலவு.

நியாயமாக இதன் பக்கமும் பேச வேண்டும். பேடு மெலிதாக, அகலமாக, பாரம் ஆடாமல் நிற்பதாக இருந்தால் காய்ந்த தரை போதும். நடுப்பகுதி முழுக்கப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் ஒரு ஓரம் மட்டும்தான் வழுக்கும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ரயில் மேம்பாலம் ஒன்றில் 1889இல் வைத்த இயற்கை ரப்பர் பேடுகள் நூறு வருடம் கழிந்தும் வேலையில் இருந்தன. வெளித்தோல் மட்டும்தான் கெட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி, பீரோ, எடை மேடை, கிரானைட் பலகை இவற்றின் அடியில் வைக்க யாரும் ஒட்டின தகடு வாங்க வேண்டியதில்லை.

காய்ந்த தரையில்தான் வைப்பேன் என்பவர்கள் குறைந்தபட்சம் வரி வரியாகக் கோடு போட்ட பேடும், அடியில் மேடுபள்ளமான செக்கர் பிளேட்டும் வாங்குங்கள். பேடு ஓடாமல் இருக்கச் சுற்றிலும் சட்டம் வெல்டு செய்கிறவர்கள், ரப்பரை ஒட்டினாற்போல் சட்டம் வைக்காதீர்கள். பிதுங்க இடமில்லாத ரப்பர் ரப்பரே இல்லை. நாலு பக்கமும் அடைத்துவிட்டால் அதன் விறைப்பு ஆயிரம் மடங்கை நெருங்கும். அதற்குப் பதில் ஒரு கருங்கல் சில்லை வைத்துவிட்டுப் போகலாம்.

## தகட்டில் ஒட்டினால்

இரும்புத் தகட்டை மணல் அடித்துச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, பிரைமர் ஒரு பூச்சு, பசை ஒரு பூச்சு கொடுத்து, அச்சுக்குள் வைத்து, இன்னும் வேகாத பச்சை ரப்பரை அதன்மேல் இட்டு 150 டிகிரி வாக்கில் வேகவைப்பார்கள். ரப்பர் வேகும்போதே தகட்டோடு பிணைந்துவிடும். சரியாக ஒட்டியதை இழுத்தால் ரப்பர்தான் கிழியும், ஒட்டு பிரியாது.

இதற்குப் பிறகு ரப்பரும் இரும்பும் சந்திக்கும் இடத்தில் எண்ணெயோ, மழையோ, தூசியோ எந்தப் பேச்சும் பேச முடியாது. கணக்குப் போட்ட எண்தான் மெஷினுக்கு அடியிலும் வரும். ரப்பர் வருடக்கணக்கில் மெல்ல இறங்கும் என்பது மட்டும் மிச்சம். அது கணக்கில் அடங்கும் இறக்கம்: முதல் ஒரு நாளிலிருந்து பத்தாம் நாள்வரை எத்தனை சதவீதமோ, முதல் வருடத்திலிருந்து பத்தாம் வருடம்வரையும் கிட்டத்தட்ட அத்தனையே.

இந்தப் பிணைப்பை நம்பித்தான் பெரிய வேலைகள் நடக்கின்றன. ரப்பர் ஒரு அடுக்கு, இரும்புத் தகடு ஒரு அடுக்கு என்று அடுக்கி ஒட்டினால் ஒவ்வொரு ரப்பர் அடுக்கும் மெலிதாகி வடிவ எண் ஏறும். செங்குத்தாகக் கல்போலத் தாங்கும், பக்கவாட்டில் மட்டும் ரப்பர்போல இளகும். பாலங்களுக்கு அடியில் இதைத்தான் வைக்கிறார்கள். லண்டனில் 1966இல் சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலேயே ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பை இப்படிப்பட்ட ரப்பர்மேல் எழுப்பினார்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கேயும் உண்டு. விலை என்பது வெளியே தெரிவது. மோல்டு புதிதாக வெட்ட வேண்டிய அளவு கேட்டால் நாலு பேடுக்காக யாரும் செய்து தரமாட்டார்கள், கடையில் இருக்கிற அளவுக்குள்தான் தேர்வு. ஏற்கெனவே வெந்த பேடை மேசையில் வைத்துப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: உடனே ஒட்டும் பசை உடையும் குணமுள்ளது, நடுக்கமும் ஈரமும் சேர்ந்தால் ஓரத்திலிருந்து உரியும். செருப்புக்குப் போடும் பசை மெல்ல இழைந்துகொடுக்கும். இரண்டும் காய்ந்த தரையைவிட மேல், வேகவைத்த ஒட்டைவிடக் கீழ்.

குளச்சல், சின்னமுட்டம் பக்கம் ஐஸ் பிளாண்ட் வைத்திருப்பவர்கள் கேளுங்கள்: ஒட்டு கெடுவது ரப்பரால் அல்ல, துருவால். உப்புக்காற்று தகட்டின் ஓரத்தைத் தின்று, ரப்பருக்கு அடியில் நுழையும். ஓரம்வரை ரப்பர் மூடிய தகடு கேட்டு வாங்குங்கள். அடுத்தது, ஒட்டிய பேடைத் தொங்கவிட்டு இழுக்காதீர்கள். அமுக்கத்தில் யானையைத் தாங்குவது, இழுவையில் கொஞ்ச பாரத்திலேயே நடுவயிற்றுக்குள் விரிசல் விடும்; வெளியே ஒன்றும் தெரியாது. சாய்ந்து ஆடும் மெஷினில் ஒரு மூலை தூக்கினால் இதுதான் நடக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஏமாற்றம் மேலே உள்ள அட்டவணையில் இருக்கிறது: நான்கில் மூன்று பங்கு நடுக்கம் தரைக்கு இறங்குகிறது. 10 மி.மீ. ஒட்டிய பேடாக இருந்தால் மெஷின் நொடிக்கு ஐம்பதுக்கு மேல் ஊசலாடும். பேடு இருப்பதும் இல்லாததும் ஒன்று, சில சமயம் இல்லாததே மேல். "ஒட்டினது வாங்கினேன், பணம் போச்சு, நடுக்கம் போகல்ல" என்று சொல்பவர்கள் இந்த வகை.

இதற்கு மருந்து கிரீஸ் இல்லை, கத்தி. 100 மி.மீ. சதுரத்தை நான்காக வெட்டி, 50 மி.மீ. சதுரங்கள் நான்கை, நடுவில் பத்து மி.மீ. இடைவெளி விட்டு அதே தகட்டில் ஒட்டுங்கள். பாரம் தாங்கும் பரப்பு மாறவில்லை. பிதுங்க வழி இரட்டிப்பாயிற்று. வடிவ எண் 1லிருந்து 0.5க்கு இறங்கும். அமுங்குவது 0.9 மி.மீ.யிலிருந்து 1.7 மி.மீ. ஆகும். தரைக்கு இறங்கும் நடுக்கம் மூன்றில் ஒன்றுக்குள் வரும். காய்ந்த பரப்பு அதிர்ஷ்டம் இருந்தால் தருகிற எண்ணை, இது அதிர்ஷ்டமில்லாமலும் தரும்.

## இன்னும் இரண்டு, சுருக்கமாக

வீட்டில் புகைபோட்ட ஷீட் அடுக்கிக் கிடக்கிறதே, அதை மடித்து வைத்தால் என்ன? வைக்கலாம். வேகாத ரப்பர் பாரத்தின் கீழ் வழிந்துகொண்டே போகும், திரும்பாது. கிலோ விலை பார்த்து விற்றுவிடுங்கள்.

பழைய டயர்த் துண்டு: காசு செலவில்லை, ஆயுளும் உண்டு. உள்ளே ஓடும் நூலும் கம்பியும் ஒட்டிய தகடுபோலவே ரப்பரை நகரவிடாமல் பிடித்திருக்கும், அதனால் நினைப்பதைவிட விறைப்பு. ஹார்ட்னஸ் டயருக்கு டயர் வேறு. மரமில்லில், செங்கல் சூளையில், யாரும் எண் கேட்காத இடத்தில் நல்லது.

## யாருக்கு எது

சோதனை செய்கிறவருக்கு, கணினியில் மாதிரி போடுகிறவருக்கு வழுக்கும் பரப்பு. ரப்பரின் சொந்த எண் வேண்டுமென்றால் வேறு வழி கிடையாது. ஐஎஸ்ஓ 7743 தரத்தில் எண்ணெய் பூசிய தகட்டுக்கு ஒரு முறை, தகட்டில் ஒட்டிய துண்டுக்கு ஒரு முறை என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தரமான டி575 தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் உப்புத்தாள் வைக்கச் சொல்கிறது, வழுக்கவே கூடாதென்று. கவனித்தீர்களா, ஒருவர் முழுக்க வழுக்கவிடுகிறார், மற்றவர் முழுக்கப் பிடிக்கிறார். வெறும் காய்ந்த தகட்டில் வைத்து அமுக்கு என்று இவர்கள் சொல்லவில்லை. டி575 கேட்கும் துண்டு 28.6 மி.மீ. விட்டம், 12.5 மி.மீ. உயரம், வடிவ எண் 0.57. அவ்வளவு சின்ன எண்ணிலேயே 50 ஹார்ட்னஸ் ரப்பர், பிடித்த நிலையில் வழுக்கும் நிலையைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விறைப்பு காட்டும். தம்பியிடம் சொன்னது இதுதான்: இரண்டு எண்ணையும் எழுது, எந்த முறை என்பதைப் பக்கத்திலேயே எழுது, முதல் சில அமுக்கலைக் கணக்கில் எடுக்காதே, புது ரப்பர் முதல் தடவை விறைப்பாகக் காட்டிப் பிறகு இளகும்.

நின்று பாரம் தாங்கும் பொருளுக்கு, மெலிந்த பேடு, காய்ந்த சுத்தமான தரை. தோவாளையில் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் இதுவே போதும். வருடத்துக்கு ஒருமுறை துடைத்து, தேவைப்பட்டால் மாற்றுங்கள்.

நாள்தோறும் நடுங்கும் மெஷினுக்கு, குறிப்பாகப் பக்கத்தில் வீடு இருந்தால், ஒட்டிய தகடு. ஆனால் தடிமன், துண்டு அளவு, ஹார்ட்னஸ் மூன்றையும் கேட்டு, கணக்குப் போட்டு வாங்குங்கள்.

மண்டபக்காரர் நான்காக வெட்டிய பேடுதான் செய்துகொண்டார். பழைய பேடை வெட்டிச் செருப்புப் பசையில் ஒட்டலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பட்டறையில் தெரிந்தவரிடம் சொல்லி 5 மி.மீ. தகட்டில் வேகவைத்து வாங்கினார். மாட்டின மறுநாள் போன். "அண்ணே, நடுக்கம் முன்ன மாதிரியேதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். பேடு நன்றாக இருந்தது. பாதுகாப்புக்கு என்று வெல்டர், மெஷின் சட்டத்திலிருந்து நாலு மூலையிலும் போல்ட்டை இறக்கித் தரைக்கு முறுக்கியிருந்தார். நடுக்கம் ரப்பரைத் தொடாமல் போல்ட் வழியாகவே இறங்கிக்கொண்டிருந்தது. நட்டை இரண்டு சுற்று தளர்த்தி, வாஷருக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஒன்று வைத்து, ஓட்டச் சொன்னேன். மண்டபத்தில் அன்றைக்கு நிச்சயதார்த்தம். சமையல்காரர் ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த பாயச உருளியில் அலை நின்றதை முதலில் கவனித்தது அவர்தான்.